கான்வென்ட் பிள்ளையின் மனதைக் கேட்பது யார்?

கல்விக்கும் கட்டுப்பாட்டுக்கும் பேர்போன கிறிஸ்தவப் பள்ளிகள் மாணவர் மனநலத்திலும் முன்னால் நிற்க முடியும். அதற்கு வேண்டிய மரபும் ஆட்களும் அவர்களிடமே இருக்கிறார்கள்.

அட்மிஷன் காலம் வந்துவிட்டால் தமிழ்நாட்டின் கிறிஸ்தவப் பள்ளிகளின் வாசலில் எல்லா மதத்துப் பெற்றோரையும் பார்க்கலாம். திருநீறு பூசிய அப்பா, முக்காடிட்ட அம்மா, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் குடும்பம் என்று வரிசை நீளும். ஏன் இந்தப் பள்ளி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "சிஸ்டர்ஸ் நடத்துற ஸ்கூல். கண்டிப்பா இருப்பாங்க. பிள்ளை ஒழுங்கா வளரும்."

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாநிலத்தில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு. பல ஊர்களில் அவர்களுடைய பள்ளிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் பிற மதத்துப் பிள்ளைகள். இந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அடுத்த ஆண்டே பள்ளி தொடங்கினார். அதன்பின் வந்த மிஷன் பள்ளிகள் பல, படிப்பு மறுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தன. எங்கள் ஊரில் முதன்முதலில் படித்தவர் மிஷன் பள்ளியில் படித்தவர் என்று சொல்லும் குடும்பங்கள் தென்மாவட்டங்களில் ஏராளம்.

அந்தப் பள்ளிகளுக்கு இன்று ஒரு புதிய கேள்வி வந்திருக்கிறது. சீருடை, நேரந்தவறாமை, தேர்ச்சி விழுக்காடு எல்லாம் சரி. ஓர் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இரவில் தூக்கம் வருவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, காரணம் தெரியாமல் அழுகை வருகிறது. இதை அவள் அந்தப் பள்ளியில் யாரிடம் போய்ச் சொல்வாள்? சொன்னால் என்ன நடக்கும் என்று அவள் நினைக்கிறாள்? இந்த இரண்டு கேள்விக்கும் தைரியமாகப் பதில் சொல்லக்கூடிய பள்ளிதான் இனி நல்ல பள்ளி.

எண்கள் சொல்வது

நிம்ஹான்ஸ் நிறுவனம் முன்னின்று நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பது தெரியவந்தது. நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பறையில் கிட்டத்தட்ட மூன்று பேர். வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி, 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பருவம்.

2022-ல் என்.சி.இ.ஆர்.டி. நாடு முழுவதும் 3.79 லட்சம் மாணவர்களிடம் கேட்டது. படிப்பு, தேர்வு, தேர்வு முடிவு ஆகியவைதான் பதற்றத்துக்குக் காரணம் என்று 81 விழுக்காட்டினர் சொன்னார்கள். அதே ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. கல்லூரி மாணவர்களும் சேர்ந்த எண்ணிக்கை இது. நாளொன்றுக்கு 35 பேருக்கு மேல்.

2022 ஜூலையைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். சில வாரங்களுக்குள் வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து அடுத்தடுத்து மாணவியர் மரணச் செய்திகள் வந்தன. அவற்றில் கிறிஸ்தவப் பள்ளியும் உண்டு, மற்றப் பள்ளிகளும் உண்டு. ஒவ்வொரு மரணத்துக்கும் பின்னால் பல காரணங்கள் பின்னிக்கிடக்கும் என்றும், ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்டுவது தவறு என்றும் மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். யார் குற்றவாளி என்று தொலைக்காட்சியில் நடந்த விவாதங்கள் ஓய்ந்துவிட்டன. அந்தப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

கண்டிப்பின் விலை

கட்டுப்பாடு கெட்டது என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. எத்தனை மணிக்கு எழுவது, எப்போது படிப்பது, எப்போது விளையாடுவது என்ற ஒழுங்கு, குழம்பிக் கிடக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். இன்று அப்பா குடிக்காமல் வருவாரா என்ற பயமில்லாமல் தூங்கக்கூடிய ஒரே இடம், சில பிள்ளைகளுக்கு விடுதிதான்.

தீங்கு செய்வது, கட்டுப்பாட்டோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் அவமானப்படுத்துதல். அசெம்பிளியில் எல்லோர் முன்னாலும் நிற்கவைப்பது. ஃபீஸ் கட்டாதவர்களின் பெயரை வகுப்பில் வாசிப்பது. தமிழில் பேசியதற்கு அபராதம் போடுவது. மார்க் குறைந்தவர்களைத் தனி செக்‌ஷனில் அடைத்து, அந்த செக்‌ஷனுக்கு ஒரு பட்டப்பெயர் உருவாகும்வரை விட்டுவைப்பது. "டி.சி. வாங்கிட்டுப் போ" என்ற மிரட்டல். "போய் பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வா" என்று நண்பகலில் வகுப்பைவிட்டு வெளியே அனுப்புவது. இவற்றைச் செய்கிற ஆசிரியர்கள் பலரும் பிள்ளையின் நன்மைக்காகத்தான் செய்கிறோம் என்று மனதார நம்புகிறார்கள். எத்தனையோ பேர் தங்கள் சம்பளத்திலிருந்து மாணவருக்கு ஃபீஸ் கட்டியவர்கள். ஆனால், பதினான்கு வயதில் நண்பர்கள் முன்னால் கூனிக்குறுகி நின்ற பிள்ளைக்கு, அதன் பின்னால் இருந்த நல்லெண்ணம் போய்ச் சேருவதில்லை. போய்ச் சேர்வது ஒரே பாடம்: இங்கே எதையும் வெளியில் காட்டிக்கொள்ளக் கூடாது.

தமிழ்நாடு கல்வி விதிகளிலிருந்து உடல் தண்டனை 2003-லேயே நீக்கப்பட்டுவிட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் சிறார் நீதிச் சட்டமும், பாலியல் கொடுமையைத் தண்டிக்கும் போக்சோ சட்டமும் எல்லாப் பள்ளிக்கும் பொதுவானவை. சட்டம் எவ்வளவு தூரம் கட்டாயப்படுத்தும் என்று அளந்து பார்த்து அதோடு நின்றுவிடுவது, அன்பை முதல் கட்டளையாகச் சொல்லும் பள்ளிக்கு அழகில்லை.

தேர்வு விஷயத்தில் மாநில அரசு செய்த மாற்றங்கள் இங்கே நல்ல பாடம். தோற்றவர்கள் ஓராண்டு காத்திருக்காமல், அதே ஆண்டில் எழுதி மேலே போக உடனடித் துணைத்தேர்வு வந்தது. மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் என்று முதலிடம் பிடித்தவர்களை அறிவிக்கும் வழக்கம் 2017-ல் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளின் மனவலிமையைக் குறை சொல்லாமல், பிள்ளைகளை நெருக்கிய ஏற்பாட்டையே அரசு மாற்றியது. ஆனால், இன்றும் பல பள்ளிகளின் வாசலில் மார்க்கும் போட்டோவுமாக ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. அரசு கைவிட்ட ரேங்க்கைக் கேட்டில் கட்டித் தொங்கவிட வேண்டிய அவசியம் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு என்ன இருக்கிறது?

ஜெபமும் மருந்தும்

கிறிஸ்தவப் பள்ளிகளுக்கென்றே உள்ள ஒரு சிக்கலையும் பேசியாக வேண்டும். மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைக்கு அங்கே முதலில் கிடைக்கும் பதில், "நல்லா ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாயிடும்" என்பது. சில இடங்களில் அது "விசுவாசம் குறைந்துபோனதால்தான் இப்படி" என்று நீளும். இன்னும் சில இடங்களில் சாத்தானின் வேலை என்ற முடிவுக்கே போய்விடுவார்கள். ஏற்கெனவே தன்னை வெறுத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் தலையில், கடவுளுக்கும் நான் வேண்டாதவள் என்ற சுமை வேறு ஏறுகிறது.

விவிலியம் இப்படிப் பேசுவதில்லை. எலியா தீர்க்கதரிசி பாலைவனத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள் என்று கடவுளிடம் கேட்கிறார். வந்த தூதர் அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. எழுந்து சாப்பிடச் சொல்கிறார். தூங்கவிடுகிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். எதிர்காலத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார். சங்கீதங்களில் பல, புலம்பல்கள். வேதனையை வாய்விட்டுச் சொல்வதை அவிசுவாசம் என்று அந்தப் புத்தகம் எங்கும் சொல்லவில்லை.

திருச்சபையும் இந்த விஷயத்தில் வெகுதூரம் நடந்து வந்திருக்கிறது. தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்கு 1917-ம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992-ல் வெளியான மறைக்கல்வி நூல், கடுமையான மனப்பாதிப்பும் பயமும் வேதனையும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் கற்பிக்கிறது. நன்னெறி வகுப்பில் "தற்கொலை பாவம், நரகம்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடும் ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்த வகுப்பில் சித்தப்பாவையோ அக்காவையோ அப்படி இழந்த ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். அந்த எண்ணத்தோடு தானே போராடிக்கொண்டிருக்கும் பிள்ளையும் இருக்கலாம். நரகம் என்று கேட்டபின் அந்தப் பிள்ளை தன் மனதை யாரிடமும் திறக்காது.

ஜெபத்துக்கும் மருத்துவத்துக்கும் பகையில்லை என்பதற்கு வேலூரைவிடச் சிறந்த சாட்சி வேண்டாம். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனையின் மனநல மையம் பாகாயத்தில் 1957-ல் தொடங்கியது. மனநோயாளிகளைச் சங்கிலியிலும் பூட்டிய அறையிலும் வைத்திருந்த காலத்தில், நோயாளியின் குடும்பத்தார் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறையை அந்த மையம் வளர்த்தது. திண்டுக்கல் அருகே நொச்சியோடைப்பட்டியில் கப்புச்சின் துறவியர் நடத்தும் அனுகிரகா நிறுவனம், உளவியல் ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கிறது. அருள்தந்தையரும் கன்னியரும் போதகர்களும் முறைப்படி உளவியல் படித்துவிட்டு வருவதும் இப்போது பரவலான வழக்கம். இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, நோயுற்ற பிள்ளையை உபவாச ஜெபக் கூட்டத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ள நியாயமில்லை.

ஆலோசனை அறை பிரசங்க மேடை ஆகிவிடக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். பல பள்ளிகளில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் பிற மதத்துப் பிள்ளைகள். மனம் உடைந்து நிற்கிற நேரத்தில் அவர்களிடம் மதத்தைப் பேசுவது அறமில்லை. ஒரு பிள்ளைக்கு அவளுடைய அம்மன் கோயில் ஆறுதல் தருமென்றால், அதை மதித்துக் கேட்டுக்கொள்பவர்தான் நல்ல ஆலோசகர். மதம் பார்க்காமல் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட பெற்றோருக்குப் பள்ளி செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.

கேட்பதும் ஒரு மரபு

இங்கிலாந்தில் சாட் வாரா என்ற ஆங்கிலிகன் குருவானவர் 1935-ல், பணிக்கு வந்த புதிதில், ஒரு 14 வயதுச் சிறுமியை அடக்கம் செய்தார். முதல் மாதவிலக்கைப் பால்வினை நோய் என்று நினைத்துக்கொண்டு உயிரை விட்டவள் அவள். கேட்டுத் தெளிவு பெற அவளுக்கு ஒருவர்கூட இருக்கவில்லை. அந்தச் சிறுமியை அவர் மறக்கவே இல்லை. 1953-ல் லண்டனில் தம் கோயிலிலேயே ஒரு தொலைபேசியை வைத்து, சாக நினைப்பவர்கள் முதலில் எனக்குப் போன் செய்யுங்கள் என்று அறிவித்தார். உலகெங்கும் இன்று இயங்கும் உதவி எண்களுக்கு வழிகாட்டிய 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு அப்படிப் பிறந்தது.

அங்கே அவர் ஒன்றைக் கவனித்தார். தன்னைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் சாதாரணத் தொண்டர்கள். அவர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலருக்கு, அதற்குப் பிறகு குருவானவரைப் பார்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் அந்தப் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சினேகா அமைப்பும், பயிற்சி பெற்ற தொண்டர்கள் குறுக்கிடாமல் காது கொடுத்துக் கேட்கும் இந்த வழியில்தான் நடக்கிறது.

கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், கத்தோலிக்கக் குருவானவர் டான் போஸ்கோ. தண்டித்துத் திருத்தும் முறைக்கு மாறாக அறிவு, இறைநம்பிக்கை, கனிவு ஆகிய மூன்றின் மேல் கட்டிய தடுப்பு முறையை அவர் 1877-ல் எழுதிவைத்தார். 1884-ல் ரோமிலிருந்து தம் சபையாருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆசிரியர்கள் விளையாட்டுத் திடலில் பிள்ளைகளோடு கலந்து கிடந்த பழைய நாட்களையும், தள்ளி நின்று கண்காணிக்கத் தொடங்கிவிட்ட அன்றைய நிலையையும் அதில் வேதனையோடு ஒப்பிட்டார். நீங்கள் பிள்ளைகளை நேசிப்பது மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். அவருடைய சபையார் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். இன்று அவர் பெயரில் தமிழ்நாடெங்கும் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் ஒட்டிவைக்கத் தகுந்த கடிதம் அது.

பாளையங்கோட்டையையும் சொல்ல வேண்டும். காது கேளாத பிள்ளைகளுக்குப் புளோரன்ஸ் ஸ்வைன்சன், பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஆன் ஆஸ்க்வித் என்று இரு மிஷனரிப் பெண்கள் தொடங்கிய பணி, அவர்கள் பெயரிலேயே இன்றும் தொடர்கிறது. இதுகளுக்கு எதற்குப் படிப்பு என்று ஊர் ஒதுக்கிய பிள்ளைகளுக்காகத் தனிப் பயிற்சியும் தனி ஆசிரியர்களும் தேடிய மரபு அது. அதே மரபில் வந்த பள்ளிகளுக்கு, வெளியே தெரியாத காயத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அந்நியமில்லை.

எது பலன் தருகிறது?

நல்ல மனதோடு செய்வது எல்லாமே பலன் தந்துவிடாது. பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த 'சேஹர்' ஆய்வு, 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. சில பள்ளிகளில் உள்ளூரைச் சேர்ந்த, பட்டம் பெற்ற உளவியலாளர் அல்லாத, ஆனால் நன்கு பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் நியமிக்கப்பட்டார். வேறு சில பள்ளிகளில் அதே வேலை ஓர் ஆசிரியருக்குத் தரப்பட்டது. அசெம்பிளியில் பேசுவது, சுவர்ப் பத்திரிகை நடத்துவது, பெயர் போடாமல் மனக்குறையை எழுதிப் போட ஒரு பெட்டி வைப்பது, தேவைப்படுபவர்களோடு தனியாகப் பேசுவது ஆகியவை அந்த வேலை. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டுவதும் அடிதடியும் குறைந்தன. பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியரே அந்த வேலையைச் செய்த பள்ளிகளில் குறிப்பிடும்படியான மாற்றமில்லை.

நம் பள்ளிகளை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். காலையில் கணக்குப் பாடத்தில் திட்டியவரிடம் மாலையில் போய் மனதைத் திறக்க எந்தப் பிள்ளைக்கும் துணிச்சல் வராது. மார்க் போடுகிற கை வேறாகவும், கேட்கிற காது வேறாகவும் இருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் 10 நாடுகளில் 168 பள்ளிகளின் 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு, 2015-ல் அதே இதழில் வந்தது. மூன்று வழிகள் அதில் சோதிக்கப்பட்டன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது ஒன்று. வல்லுநர்கள் மாணவர்களைப் பரிசோதித்து, ஆபத்தில் இருப்பவர்களை அடையாளம் காண்பது மற்றொன்று. மாணவர்களே ஒன்றுகூடி, மனநெருக்கடிகளை நடித்துப் பார்த்து, பேசிப் புரிந்துகொள்ளும் பயிற்சி மூன்றாவது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மூன்றாவது வழியில் மட்டுமே உயிரை மாய்த்துக்கொள்ளும் முயற்சிகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் கூடிப் பேசுவதைவிடப் பிள்ளைகளையே பேசவிடுவது அதிகம் காப்பாற்றுகிறது.

மனதில் கொள்ள வேண்டிய உண்மை இன்னொன்றும் உண்டு. "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?" என்று ஒரு பிள்ளையிடம் பரிவோடு நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. கேட்காமல் தவிர்ப்பதுதான் ஆபத்து.

ரகசியம் யாரிடம்?

கத்தோலிக்கப் பள்ளிகளில் சில நேரம் ஒரே அருள்தந்தைதான் தாளாளர், தலைமையாசிரியர், விடுதி இயக்குநர், பாவசங்கீர்த்தனம் கேட்பவர். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் உயிர் போனாலும் வெளியில் சொல்ல மாட்டார். ஆனால், டி.சி. கொடுக்கும் அதிகாரமும் அவரிடமே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, விடுதியில் நடந்த ஒரு கொடுமையை அவரிடம் எப்படிச் சொல்லும்? சி.எஸ்.ஐ. முதலிய சபைகளின் பள்ளிகளில் சிக்கல் வேறு விதம். ஆசிரியரும் பெற்றோரும் ஒரே சபையில் ஞாயிறுதோறும் சந்திப்பவர்கள். திங்கட்கிழமை பள்ளியில் சொன்னது அடுத்த ஞாயிறு ஆராதனைக்குள் அம்மாவின் காதுக்குப் போய்விடும் என்ற பயம் பிள்ளைக்கு உண்டு.

ஆகவே ஆலோசகர் நிர்வாகப் பொறுப்பில் இல்லாத, ஊர்ப் பேச்சில் கலக்காத ஒருவராக இருக்க வேண்டும். அவருடைய குறிப்பேடு தலைமையாசிரியரின் மேசைக்குப் போகக் கூடாது. ரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் உரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் கொடுமை என்றால், போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவு தகவல் தருவதைக் கட்டாயமாக்குகிறது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிமறைப்பது சட்டத்தின் முன் குற்றம், கடவுளின் முன்னும் குற்றம்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்து வரும் பிள்ளையின் கையில் டி.சி.யைத் தருவது, ஒரு பள்ளி செய்யக்கூடிய மிகக் கொடிய செயல். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும் என்கிறது. அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. அரசுக்கே அந்தக் கடமை உண்டென்றால் நல்ல சமாரியன் உவமையைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கு எவ்வளவு உண்டு!

நீதிமன்றம் சொல்லிவிட்டது

2025 ஜூலை 25 அன்று, நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, கல்வி நிறுவனங்களுக்கான 15 வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு அது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனம் தகுதிபெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ நியமிக்க வேண்டும். சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள வல்லுநர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பதையும், எல்லோர் முன்னிலும் அவமானப்படுத்துவதையும் கூடியவரை தவிர்க்க வேண்டும். ஆசிரியர், அலுவலர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும். உதவி எண்களை வகுப்பறையிலும் விடுதியிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். சட்டம் இயற்றப்படும்வரை இந்த நெறிகள் நாடு முழுவதும் கட்டுப்படுத்தும்.

பணத்துக்கு எங்கே போவது என்று தாளாளர்கள் கேட்பார்கள். அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது, ஆலோசகர் சம்பளத்தை நிர்வாகமே கொடுக்க வேண்டியிருக்கும். நியாயமான கவலைதான். ஆனால், ஒரு மறைமாவட்டத்திலோ பேராயத்திலோ ஒரே ஊரைச் சுற்றிப் பல பள்ளிகள் இருக்கின்றன. சிறிய பள்ளிகள் மூன்று நான்கு சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பகிர்ந்துகொள்ளலாம். சென்னை விமன்ஸ் கிறிஸ்டியன் கல்லூரியில் உளவியல் துறையும், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் சமூகப்பணித் துறையும் இருக்கின்றன. இந்தத் துறைகளின் மாணவர்கள் களப்பயிற்சிக்கு இடம் தேடுபவர்கள். அவர்கள் ஆலோசகருக்குத் துணை நிற்க முடியும். திருவிழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் கட்டடத்துக்கும் திரட்ட முடிகிற சமூகத்தால் ஓர் ஆலோசகருக்குத் திரட்ட முடியாது என்பதை ஏற்க முடியாது.

ஒரு பள்ளி உடனே செய்யக்கூடியவை

யாரும் கதவைத் தட்டாமல் வரக்கூடிய, தலைமையாசிரியர் அறைக்குத் தள்ளியே இருக்கும் ஓர் அறையை ஆலோசகருக்கு ஒதுக்குங்கள்.

பெயர் எழுதாமல் கடிதம் போட ஒரு பெட்டி வையுங்கள். அதன் சாவி ஆலோசகரிடம் மட்டுமே இருக்கட்டும். போட்ட கடிதத்துக்கு ஏதோ ஒரு வகையில் பதில் வருகிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும்.

நன்னெறி வகுப்பில் வாரம் ஒரு பாடவேளையை மனதைப் பற்றிப் பேச ஒதுக்குங்கள். கோபம், பொறாமை, காதல், மாதவிலக்கு, கைபேசி, வீட்டுச் சண்டை என எல்லாம் அங்கே வரட்டும். ஆசிரியர் குறைவாகப் பேசட்டும்.

விடுதிப் பிள்ளைகள் வீட்டாரோடு தனிமையில் பேச வழி செய்யுங்கள். வார்டன் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளையும் உள்ளதைச் சொல்லாது. முதல் ஆண்டு விடுதிக்கு வரும் பிள்ளைக்கு, வீட்டு நினைவு வாட்டும் முதல் சில வாரங்களில் கூடுதல் கவனிப்பு தேவை.

தேர்வு முடிவு வரும் நாளில், மார்க் குறைந்த பிள்ளைகளின் வீட்டுக்கு வகுப்பாசிரியரே முதலில் போன் செய்யட்டும். துணைத்தேர்வு பற்றி அன்றே சொல்லிவிடட்டும்.

பள்ளியில் ஒரு மரணம் நேர்ந்துவிட்டால், பிரார்த்தனைக் கூட்டத்தோடு முடித்துவிடாதீர்கள். நெருங்கிய நண்பர்கள், உடன்பிறந்தோர், அதே வகுப்பார் ஆகியோரோடு ஆலோசகர் தனித்தனியே பேசவேண்டும். எப்படி நடந்தது என்ற விவரங்களைப் பேசாதீர்கள். இறந்த பிள்ளையைப் பழிக்கவும் வேண்டாம், உயர்த்திப் பிடிக்கவும் வேண்டாம்.

ஆசிரியர்களையும் கவனியுங்கள். ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு, சென்டம் ரிசல்ட் நெருக்கடி, சுயநிதிப் பிரிவில் சொற்பச் சம்பளம் என்று தவிக்கும் ஆசிரியரிடம் கனிவை மட்டும் எதிர்பார்ப்பது முறையில்லை. சிஸ்டர்களுக்கும் இது பொருந்தும். இரவு பகலாக நூறு பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் வார்டன் சிஸ்டருக்கும் பேச ஒருவர் வேண்டும்.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

பெற்றோரே, பள்ளியில் சேர்க்கும்போது தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கிறீர்கள், ஃபீஸ் கேட்கிறீர்கள், வேன் வசதி கேட்கிறீர்கள். இனி ஆலோசகர் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினால் பள்ளிகள் நியமிக்கத் தொடங்கும். "நல்லா அடிச்சுத் திருத்துங்க சார்" என்று ஆசிரியரிடம் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளை திடீரென்று நண்பர்களை விட்டு விலகினாலோ, தூக்கமும் சாப்பாடும் மாறினாலோ, தனக்குப் பிடித்த பொருட்களை எல்லாம் பிறருக்குக் கொடுத்துவிடத் தொடங்கினாலோ, அலட்சியம் செய்யாதீர்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பதால் பிள்ளையின் எதிர்காலமோ கல்யாணமோ கெட்டுவிடாது. பார்க்காமல் விடுவதால் எல்லாமே கெட்டுப்போகலாம்.

இதைப் படிக்கும் மாணவரே, மாணவியே, உங்கள் மனது பாரமாக இருந்தால் அது உங்கள் தவறில்லை, பாவமுமில்லை. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. நாள் முழுவதும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. மாநில அரசின் மருத்துவ உதவி எண் 104. சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050. முதலில் பேசியவர் சரியாகக் கேட்கவில்லை என்றால் இன்னொருவரிடம் பேசுங்கள். கேட்பவர் கிடைக்கும்வரை பேசுங்கள்.

ஆயர்களுக்கும் பேராயர்களுக்கும் தாளாளர்களுக்கும் சபைத் தலைவியருக்கும் ஒரு வேண்டுகோள். எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்களுக்கு எழுத்தைக் கொண்டுவந்தவர்கள் உங்கள் முன்னோர். இன்றைய பிள்ளைக்கு மறுக்கப்படுவது, தன் மனதைச் சொல்ல ஓர் இடம். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் உங்கள் ஒவ்வொரு பள்ளியிலும் அந்த இடத்தை உண்டாக்குங்கள்.